பூனை ஏன் தன்னையே நக்கிக்கொண்டிருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூனை வளர்க்கிற நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை, கூடியவரை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். உங்கள் ஆண் பூனை சிறுநீர் வராமல் முக்கிக்கொண்டு பின்பக்கத்தையே நக்கிக்கொண்டிருக்கிறது என்பதால் இங்கே தேடி வந்திருந்தால், படிப்பதை விட்டுவிட்டு இப்போதே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். காரணம் கீழே இருக்கிறது, அப்புறம் படிக்கலாம்.

எப்பப் பார்த்தாலும் நக்கிக்கிட்டே இருக்கே, ஏன்?

ஒரே காரணம் இல்லை. அழுக்கு, உதிர்ந்த முடி, தெள்ளுப்பூச்சி எல்லாவற்றையும் எடுப்பது ஒன்று. தோலில் சுரக்கிற எண்ணெயை ரோமம் முழுக்கப் பரப்புவது இன்னொன்று. அந்த எண்ணெய் இருப்பதால்தான் ரோமம் பளபளவென்று இருக்கிறது, தண்ணீரும் சட்டென்று உள்ளே இறங்குவதில்லை. உடம்புச் சூட்டைத் தணிப்பது, தன் வாசனையைத் திரும்பப் பூசிக்கொள்வது, பதற்றத்தை அடக்கிக்கொள்வது என்று இன்னும் சில உண்டு, அவை தனித்தனியாகக் கீழே வருகின்றன.

சாப்பிட்டு முடித்ததும் வாயையும் முகத்தையும் அப்படித் தேய்த்துத் துடைப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் வாடை. பதுங்கியிருந்து பிடிக்கிற விலங்கு மேல் இறைச்சி வாடை இருந்தால் அடுத்த இரை உஷாராகிவிடும், பெரிய விலங்குகள் மோப்பம் பிடித்தும் வந்துவிடும்.

நாக்கு ஏன் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு?

நாக்கின் மேல் வரிசையாக, தொண்டைப் பக்கம் வளைந்த சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. முடியைக் கோதுவதற்கும் எலும்பில் ஒட்டிய சதையைச் சுரண்டி எடுப்பதற்கும் இரண்டுக்கும் உதவும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கு அடுத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பூனையிலிருந்து சிங்கம் வரை 6 வகைப் பூனையினங்களின் நாக்கைப் பார்த்தார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் ஒரு குழிவு இருக்கிறது. அது வாயிலிருக்கும் எச்சிலைத் தானாக உறிஞ்சி வைத்துக்கொண்டு, ரோமத்துக்குள் போனதும் அங்கே விடுகிறது. அதாவது பூனை மேலோட்டமாக ஈரம் தடவவில்லை, அடிமுடி வரைக்கும் எச்சிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பாரசீகப் பூனை போன்ற நீண்ட, அடர்ந்த ரோமமுள்ளவற்றுக்கு மட்டும் முள் தோல் வரை எட்டுவதில்லை. அவற்றுக்கு ரோமம் அடிக்கடி சிக்கு விழுவதற்கு இதுவே காரணம், அதனால்தான் அவற்றை நாம் தினமும் சீவிவிட வேண்டியிருக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நக்கினா நார்மல்?

விழித்திருக்கும் நேரத்தில் கால்பங்கு வரைகூடப் போகலாம். பூனைக்குப் பூனை மாறும், ரோமத்தின் நீளத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பவும் மாறும். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட உங்கள் பூனையின் வழக்கம் எது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் பயன்படும். வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா, தூக்கத்தையும் விளையாட்டையும் விட்டுவிட்டு நக்குகிறதா என்று பாருங்கள்.

காலை நக்கி நக்கி முகத்தைத் துடைக்குதே, அதுக்குன்னு ஒரு முறை இருக்கா?

இருக்கிறது. பெரும்பாலும் தலையில் தொடங்கி வாலில் முடியும். நாக்கு முகத்துக்கு எட்டாது என்பதால் முன்னங்காலில் எச்சிலைத் தடவி அதையே துணியாக்கிக் கன்னம், கண், காதின் பின்பக்கம் எல்லாம் துடைக்கும். பிறகு கழுத்து, தோள், விலா, வயிறு, பின்னங்கால், கடைசியாக வால். எல்லா முறையும் முழுச் சுற்றும் நடக்காது, பாதியில் தூங்கிவிடுவதும் உண்டு.

இது கற்றுக்கொண்ட பழக்கம் மட்டும் இல்லை, உடம்புக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடுகிறது. எக்ஸ்டீன், ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகளுக்குக் கழுத்தில் கூம்பு மாட்டி 3 நாள் நக்க விடாமல் வைத்திருந்து கழற்றினார்கள். அடுத்த 12 மணி நேரத்தில் அவை வழக்கத்தைவிட 67 சதவீதம் கூடுதலாக நக்கின. விட்டுப்போன வேலையை உட்கார்ந்து முடித்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

வெயில் காலத்துல ரொம்ப நக்குது, சூட்டினாலயா?

ஆமாம். நம்மைப் போல் பூனைக்கு உடம்பு முழுக்க வியர்க்காது, பாதத்தின் அடியில்தான் வியர்வை வரும். ரோமத்தில் தடவிய எச்சில் ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. மேலே சொன்ன 2018 ஆய்வின் கணக்குப்படி, பூனை வெளியேற்ற வேண்டிய சூட்டில் ஏறக்குறைய கால்பங்கை இதுவே பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் வாயைத் திறந்து நாய் போல இரைத்தால் அது வேறு. ஓடி விளையாடாமலே பூனை இரைக்கிறதென்றால் சூடு தாங்கவில்லை, அல்லது நெஞ்சில் ஏதோ கோளாறு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நான் தடவிக்கொடுத்த இடத்தை உடனே நக்குது. என்னைப் பிடிக்கலையா?

இந்தக் கேள்வியை முகம் வாடிப்போய்க் கேட்பவர்கள் அதிகம். அப்படி இல்லை. உங்கள் கை அதன் ரோமத்தைக் கலைத்துவிட்டது, உங்கள் வாசனையும் ஒட்டியிருக்கிறது. அதைச் சரிசெய்து தன் வாசனையோடு கலந்துகொள்கிறது. பிடிக்கவில்லை என்றால் வாலை அடிக்கும், காதைப் பின்னால் மடக்கும், எழுந்து போய்விடும். மடியிலேயே இருந்துகொண்டு நக்கினால் நீங்கள் கவலைப்பட எதுவும் இல்லை.

கீழே விழுந்துட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி உட்கார்ந்து நக்குதே?

பதற்றத்தில் செய்வது. ஓடுவதா நிற்பதா, சண்டையா சமாதானமா என்று முடிவெடுக்க முடியாத நேரத்தில் பல விலங்குகள் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையைச் செய்யும், பூனைக்கு அந்த வேலை நக்குவது. சில நொடிகளில் நின்றுவிடும். அதைப் பார்த்துச் சிரிக்காமல் கொஞ்சம் விலகி இடம் கொடுங்கள், போதும்.

குட்டிங்க எப்போ தானா நக்க ஆரம்பிக்கும்?

3, 4 வாரத்தில் தட்டுத்தடுமாறி ஆரம்பிக்கும். அதுவரை எல்லாம் தாய்தான். பிறந்ததும் உறையை நக்கி எடுத்து மூச்சுவிட வைப்பதிலிருந்து தொடங்குகிறது அவள் வேலை. முக்கியமாக, முதல் 3 வாரம் வரை குட்டிகளால் தாமாகச் சிறுநீர், மலம் கழிக்க முடியாது. தாய் வயிற்றையும் பின்பக்கத்தையும் நக்கிவிட்டால்தான் வரும்.

தாயில்லாத குட்டியை எடுத்து வளர்ப்பவர்கள் பால் கொடுப்பதில் காட்டும் அக்கறையை இதிலும் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மெதுவாகத் தடவிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வயிறு உப்பிக் குட்டியின் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ரெண்டு பூனை பாசமா நக்கிக்கிட்டு இருக்கும், திடீர்னு அடிச்சுக்கும். ஏன்?

ஒன்றை ஒன்று நக்குவது பழகிய பூனைகளுக்குள் நடப்பது, பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும். தன் நாக்கு எட்டாத இடம் அதுதானே. ஆனால் அதில் பாசம் மட்டும் இல்லை. கூட்டமாக வாழும் பூனைகளைக் கவனித்த ஆய்வில், நக்கிவிடுகிற பூனையே பெரும்பாலும் கை ஓங்கியதாக இருப்பதும், நக்கி முடித்து அதுவே அடிப்பதும் தெரியவந்தது. உள்ளே இருக்கும் உரசலை நக்குவதன் மூலம் ஓரளவு தணித்துக்கொள்கின்றன, தணியாதபோது கை நீள்கிறது. காயம் இல்லை, கத்தல் இல்லை என்றால் நீங்கள் நடுவில் புக வேண்டாம்.

என் கையையும் தலைமுடியையும் நக்குது. நக்க விடலாமா?

உங்களைத் தன் கூட்டத்தில் சேர்த்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான தோலை நக்கினால் பிரச்சினை இல்லை, எரிச்சலாக இருந்தால் மெதுவாகக் கையை எடுத்துவிடுங்கள். புண், வெட்டுக்காயம், கண், வாய் பக்கம் மட்டும் கண்டிப்பாக விடாதீர்கள். பூனையின் வாயில் இயல்பாகவே பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இருக்கும், அது காயத்தில் புகுந்தால் சீழ் பிடிக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கையில் மருந்தோ களிம்போ தடவியிருந்தாலும் நக்க விடக்கூடாது, ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

அதுவே சுத்தம் பண்ணிக்குது, அப்போ குளிப்பாட்ட வேண்டாமா?

பெரும்பாலான பூனைகளுக்கு வேண்டாம். சீவிவிட்டால் போதும். விதிவிலக்கு: மேலே எண்ணெய், பெயின்ட், ரசாயனம் பட்ட பூனை, மருத்துவர் மருந்துக் குளியல் சொன்ன பூனை, அப்புறம் ரோமமே இல்லாத ஸ்பிங்க்ஸ் வகை. அதற்குத் தோலில் சுரக்கும் எண்ணெயை உறிஞ்ச முடி இல்லை என்பதால் பிசுபிசுவென்று ஆகிவிடும். நாம் போட்டுக்கொள்ளும் ஷாம்பு பூனைத் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது, பூனைக்கென்று உள்ளதை வாங்குங்கள்.

முடி உருண்டையா வாந்தி எடுக்குது, இது சகஜம்தானே?

எப்போதாவது ஒன்று என்றால் சரி. நாக்கு முட்கள் பின்பக்கம் வளைந்திருப்பதால் நக்கும்போது வருகிற முடி உள்ளேதான் போகும், அதில் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். தங்கிப்போவதுதான் நீளமாகத் திரண்டு வாந்தியாக வருகிறது. அடிக்கடி வருகிறதென்றால் ஒன்று அதிகமாக நக்குகிறது, இல்லையென்றால் குடல் சரியாக வேலை செய்யவில்லை. 'பூனை என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. தொடர்ந்து குமட்டியும் எதுவும் வராமல், சாப்பாட்டையும் தொடாமல் இருந்தால் அடைப்பாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள். வறட்டு இருமலோடு தரையோடு தரையாகக் கழுத்தை நீட்டினால் அது முடி உருண்டையே இல்லாமல் ஆஸ்துமாவாகவும் இருக்கலாம்.

நூலை விழுங்கிடுச்சு. வால் பக்கம் தொங்குது, இழுத்துடலாமா?

கூடவே கூடாது. நாக்கு முள்ளைப் பற்றி மேலே சொன்னதுதான் இங்கேயும்: ஒருமுறை நாக்கில் மாட்டிய நூலைப் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை உள்ளே எங்காவது மாட்டியிருக்கும்போது நீங்கள் மறுமுனையை இழுத்தால் அது குடலை அறுத்துவிடும். வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். தையல் நூல், ரிப்பன், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் மூடி வையுங்கள்.

மேல ஏதோ கொட்டிடுச்சு. அதுவே நக்கி சுத்தம் பண்ணிக்காதா?

பண்ணிக்கொள்ளும், அதுதான் ஆபத்து. பூனையின் ரோமத்தில் பட்டது எதுவானாலும் சற்று நேரத்தில் வயிற்றுக்குள் போகும். பூனையின் கல்லீரலுக்கோ பல ரசாயனங்களை உடைத்து வெளியேற்றுகிற திறன் மிகக் குறைவு. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி சொட்டு மருந்தில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், நடுக்கமும் வலிப்பும் வரும். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலும் அதை நக்கினாலும்கூடப் பாதிக்கலாம். அடுத்தது லில்லிப் பூ. பூவைத் தின்ன வேண்டியதில்லை, மேலே கொட்டிய மகரந்தத்தை நக்கினாலே 2, 3 நாளில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். பூனை இருக்கும் வீட்டில் லில்லி இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேலே எது கொட்டினாலும் நக்க விடாமல் துண்டில் சுற்றிப் பிடித்து, என்ன பொருள் என்று டாக்டரிடம் போனில் சொல்லிக் கேட்டுவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள்.

வெயில்ல காய்ஞ்சுட்டு நக்குறது வைட்டமின் டி கிடைக்கத்தானாமே?

பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள், தவறு. பூனைத் தோலில் வைட்டமின் டி-க்கான மூலப்பொருளை ஒரு என்சைம் வேகமாக வேறொன்றாக மாற்றிவிடுகிறது, அதனால் வெயில் பட்டாலும் போதுமான அளவு உருவாவதில்லை. 1990-களில் நடந்த ஆய்வுகளிலேயே இது உறுதியாகிவிட்டது. பூனைக்கு அந்த வைட்டமின் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வெயிலில் படுப்பது அதன் சுகத்துக்கு.

எனக்குப் பூனை முடி அலர்ஜி. நக்காத பூனை இருக்கா?

அலர்ஜி முடியினால் வருவதில்லை. ஃபெல் டி 1 என்ற புரதம் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகிறது. நக்கும்போது எச்சில் ரோமத்தில் காய்ந்து, நுண்ணிய தூளாகக் காற்றில் பரவுகிறது. ஆகவே ரோமமில்லாத பூனையும் அதே அலர்ஜியைத் தரும். அலர்ஜியே தராத இனம் என்று ஒன்று இல்லை, ஒரு பூனைக்கும் இன்னொன்றுக்கும் அளவு மாறும், அவ்வளவுதான்.

ஆபரேஷன் ஆச்சு. எச்சில்ல புண் ஆறும்னு சொல்றாங்க, கூம்பைக் கழட்டிடலாமா?

வேண்டாம். எச்சிலில் கிருமிகளை எதிர்க்கும் சில பொருட்கள் இருப்பது உண்மைதான், கூடவே மேலே சொன்ன பாக்டீரியாவும் இருக்கிறது, அந்த முள் நாக்கு தையலை நிமிடங்களில் பிரித்துவிடும். டாக்டர் சொல்லும்வரை, பொதுவாக 10 முதல் 14 நாள், கூம்பு கழுத்தில் இருக்கட்டும். பாவமாக இருந்தால் நீங்களே ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிடுங்கள், சீவியும் விடுங்கள்.

வயித்துல முடியே இல்லாம மொட்டையாகுது. மன அழுத்தம்தானே?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இது. கேட்பவர்கள் பதிலையும் அவர்களே முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். 'வீடு மாறினோம், அதனால் ஸ்ட்ரெஸ்', 'புதுப் பூனை வந்தது, பொறாமை'. தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். மனக் காரணம் என்று அனுப்பப்பட்ட 21 பூனைகளை முழுதாகப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. 16 பூனைகளுக்கு உடம்பில்தான் நோய் இருந்தது, பெரும்பாலும் ஏதாவதோர் ஒவ்வாமை. 3 பூனைகளுக்கு இரண்டும் சேர்ந்து இருந்தது. மனக் காரணம் மட்டும் என்று முடிந்தது வெறும் 2 பூனைகளுக்கு.

ஆக, அரிப்பையும் வலியையும் முதலில் பாருங்கள். தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை, உணவு ஒவ்வாமை, படர்தாமரை, சொறி உண்டாக்கும் பேன் போன்ற பூச்சிகள். அடிவயிற்றை மட்டும் நக்கினால் சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம், வலிக்கிற இடத்தை அது நக்குகிறது. ஒரு மூட்டின் மேல் மட்டும் என்றால் அந்த மூட்டில் வலி இருக்கலாம்.

எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்றான பிறகு மனக் காரணத்துக்கு வாருங்கள். அது நிஜமாகவே உண்டு. ஒளிந்துகொள்ள இடம், ஏறி உட்கார உயரம், தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடும் விளையாட்டும், பல பூனைகள் என்றால் தனித்தனி மலத்தொட்டி; தேவைப்பட்டால் டாக்டர் மருந்தும் கொடுப்பார். நக்கும்போது திட்டுவதோ தண்ணீர் தெளிப்பதோ பதற்றத்தைக் கூட்டத்தான் செய்யும்.

ஆனா ஒரு தெள்ளுப்பூச்சிகூட கண்ணுல படலையே?

படாது. ஒவ்வாமை உள்ள பூனை வெறியோடு நக்குகிறது, பூச்சியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது, நீங்கள் பார்க்கும்போது ஆதாரம் இருக்காது. மேலே சொன்ன அதே எக்ஸ்டீனும் ஹார்ட்டும் பூச்சி நிறைந்த ஒரு வீட்டில் சில பூனைகளுக்குக் கூம்பு மாட்டி 3 வாரம் கழித்து எண்ணியபோது, நக்க முடியாத பூனைகள் மேல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பூச்சி இருந்தது. நெருக்கமான சீப்பால் வாலடிப் பக்கம் சீவி, வருவதை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். கருப்புத் துகள் செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் எச்சம், செரித்த இரத்தம்.

வயசான பூனை நக்குறதையே விட்டுடுச்சு, சோம்பேறித்தனமா?

இல்லை, பெரும்பாலும் வலி. 2002-இல் வந்த ஓர் ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளை எக்ஸ்ரேயில் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. முதுகை வளைக்க முடியாதபோது இடுப்புப் பக்கம் முடி சிக்கு விழுந்து சடையாகிவிடும். பல் வலி, ஈறு வீக்கம், அதிக எடை, சிறுநீரக நோய் இதெல்லாமும் காரணமாகலாம். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், பூனையின் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து அதுவும் மேலே வந்துவிடும்.

ஆண் பூனை பின்பக்கத்தையே நக்குது, மலத்தொட்டிக்கு ஓடி ஓடிப் போகுது. பொறுத்துப் பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது, படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் சிறுநீர் தேங்கி, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். முக்குவது மலச்சிக்கல் மாதிரித் தெரியும், அதில்தான் பலர் ஒரு நாளைத் தொலைத்துவிடுகிறார்கள். தொட்டியில் ஈரம் இல்லை என்றால் இரவானாலும் கிளம்புங்கள்.

முடி தானா கொட்டுதா, நக்கிப் போகுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் பார்க்கும்போது நக்கவே மாட்டேங்குது.

பூனைகள் மறைவில் நக்கும், அதனால் நீங்கள் பார்க்காதது சான்று ஆகாது. மொட்டை இடத்தின் ஓரத்தில் எதிர்ப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், குத்துகிற மாதிரி இருந்தால் முடி உடைந்திருக்கிறது. டாக்டர் நாலைந்து முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் நுனியைப் பார்ப்பார். நுனி கூராக இருந்தால் தானாகக் கொட்டுகிறது, ஒடிந்து பிசிறாக இருந்தால் நக்கியதுதான்.

போகும்போது அது தனியாக இருக்கும் அறையில் போனை வைத்து எடுத்த வீடியோ, எந்த இடத்தில் முதலில் தொடங்கியது, எந்த மாதத்திலிருந்து, சாப்பாடு மாற்றினீர்களா, கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது போட்டீர்கள், வீட்டில் வேறு யாருக்காவது தோலில் அரிப்போ வட்டமான தடிப்போ இருக்கிறதா என்று எழுதிக்கொண்டு போங்கள். கடைசியில் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள், படர்தாமரை பூனையிலிருந்து மனிதருக்கும் தொற்றும்.